குங்குமப்பூவா, குசும்பாவா?

கேள்வி: மகளுக்கு இது ஐந்தாம் மாதம். பாலில் போட்டுக் கொடுக்கலாம் என்று குங்குமப்பூ வாங்கினேன், விலை ரொம்பக் குறைவு. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு இது குங்குமப்பூ இல்லை, குசும்பா என்ற முட்செடியின் பூ என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது, கொடுக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: சந்தேகம் தீரும்வரை கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு குங்குமப்பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழைகள்தான் இருக்கும், ஒரு கிராம் சேரவே ஏறக்குறைய 150 பூக்கள் பறிக்க வேண்டும், அதனால் அது மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. கொஞ்சம் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டுப் பாருங்கள். அசல் இழை நுனியில் எக்காளம் மாதிரி விரிந்திருக்கும், தண்ணீர் மெல்ல மெல்ல மஞ்சளாகும், இழை சிவப்பாகவே நிற்கும். குசும்பாவோ மெல்லிய குழாயாக இருந்து நுனியில் ஐந்தாகப் பிரியும், குங்குமப்பூவின் வாசனையும் அதில் வராது. குசும்பாப்பூவைச் சீன வைத்தியத்தில் தீட்டு வரவழைக்கக் கொடுக்கிறார்கள், கர்ப்பிணிகளுக்குக் கூடாது என்று அவர்களே விலக்கியும் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே குடித்திருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அப்புறம் இன்னொன்று, அசல் குங்குமப்பூவே ஆனாலும் அதனால் குழந்தை சிவப்பாகப் பிறக்காது. நிறம் பெற்றோர் வழி வருவது. அந்தக் காசுக்குக் கீரையும் பழமும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: அப்படியானால் குசும்பா வெறும் போலிச் சரக்குதானா? (அதே வாசகி)

பதில்: இல்லவே இல்லை, அந்தப் பெயர் அதற்குக் கெட்ட வியாபாரிகளால் வந்தது. வட கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் மழைக்காலம் முடிந்தபின் கரிசல் மண்ணில் விதைப்பார்கள், வேர் ஆழமாக இறங்கி மண்ணில் தங்கிய ஈரத்தைக் குடித்தே வளர்ந்துவிடும். இலையெல்லாம் முள் என்பதால் சோளக்கொல்லையைச் சுற்றி வேலி மாதிரி விதைப்பார்கள், மாடு உள்ளே நுழையாது. முள் முற்றுவதற்கு முன் இளந்தழையைக் கீரையாகச் சமைப்பதும் உண்டு. பூவில் மஞ்சள், சிவப்பு என்று இரண்டு சாயம் இருக்கிறது. மஞ்சள் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும், சிவப்பைச் சாம்பல் நீர் மாதிரி காரத்தில்தான் இறக்க வேண்டும், பிறகு புளிப்பு சேர்த்தால் துணியில் பிடிக்கும். ஜப்பானில் யமகாட்டா பக்கம் இப்படித்தான் பட்டுக்குச் சாயமும் உதட்டுச் சிவப்பும் செய்தார்கள். அழகான நிறம், வெயில் பட்டால் மட்டும் வெளுத்துவிடும்.

கேள்வி: குசும்பா எண்ணெயில் வடை, பஜ்ஜி சுடலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: குசும்பா விதையில் எடுக்கும் இந்த எண்ணெயில் இரண்டு ரகம் உண்டு, புட்டியைத் திருப்பிப் பாருங்கள். லினோலிக் என்ற கொழுப்பு அமிலம் அதிகம் உள்ள பழைய ரகம் சூட்டில் சீக்கிரம் கெடும், அது லேசான தாளிப்புக்குப் போதும். ஒலியிக் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம் அதிகம் என்று போட்டிருந்தால் பொரிக்கலாம். எதுவானாலும் ஒரு முறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.