சூடு நடந்த அன்றே தீர்ப்பு

வணக்கம்.

மணல் ஏற்றிய டிப்பர் மறித்தும் நிற்கவில்லை, பொலிஸ் சுட்டது என்று செய்தி வந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் முகநூல் இரண்டுபடுகிறது. 'கள்ள மணல்காரனுக்கு வேணும்' என்பார்கள் சிலர், 'திட்டமிட்ட கொலை' என்பார்கள் சிலர். விவரம் வரும்வரை பொறுங்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். வன்னியில் பொறுத்திருந்து எதைக் கண்டோம்? அது பொலிஸின் கதைக்கு இடம் விடுவதாகாதா?

ஒரு வாசகர், பரந்தன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 2016 ஒக்டோபர் 20 இரவு கொக்குவில் குளப்பிட்டியில் யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தபோது முதலில் வெளியில் வந்த கதை, மோட்டார் சைக்கிள் விபத்து என்பது. இருவரில் ஒருவர் கிளிநொச்சிப் பிள்ளை. பிரேத பரிசோதனையில் சூட்டுக் காயம் தெரிந்த பிறகுதான் ஐந்து பொலிஸார் கைதானார்கள். அன்று பொய்யை உடைத்தது சட்ட வைத்திய அதிகாரியின் மேசை. அந்த மேசைக்குச் சான்று கெடாமல் போய்ச்சேர வேண்டும் என்பதில்தான் எனக்கு அக்கறை. தீர்ப்பு மட்டும் காத்திருக்கட்டும். செய்ய வேண்டிய வேலை முதல் நாளிலேயே தொடங்குகிறது.

மணல் கடத்தல் குற்றந்தான், ஆனால் அதற்கு மரண தண்டனை கிடையாது. சுட்ட கணத்தில் யாருடைய உயிருக்காவது உடனடி ஆபத்து இருந்ததா என்பதே கேள்வி. 1990இல் ஐ.நா. வகுத்த சுடுகலக் கோட்பாடுகளும் இதையே அளவுகோலாக வைக்கின்றன. இறந்தவர் நல்லவரா, பழைய வழக்கு இருந்ததா என்ற பேச்செல்லாம் இதற்குப் பதிலாகாது.

பதிலில் பெரும்பகுதி வாகனத்தில் இருக்கும். ரவை நுழைந்த இடத்தில் தகரத்தின் விளிம்பு உள்நோக்கி மடங்கும். கண்ணாடியில் ரவை வெளியேறிய பக்கமே குழிபோல அகன்றிருக்கும். துளைகள் பின்பக்கத்தில் மட்டும் இருந்தால், மோத வந்ததால் சுட்டோம் என்ற விளக்கம் ஆட்டம் காணும். ஆனால் முதல் வெடி முன்னாலும் அடுத்தது வாகனம் கடந்த பிறகும் விழுந்திருக்கலாம். அப்போது ஒவ்வொரு வெடிக்கும் தனித்தனியாக நியாயம் கேட்க வேண்டும். 'டயருக்குத்தான் சுட்டோம்' என்றால் டயரையும் தார் ரோட்டில் ரவை உரசிய தடத்தையும் பாருங்கள். தாழ்ந்த கோணத்தில் ரோட்டில் பட்ட ரவை தெறித்து ஆளில் ஏறலாம். ஓடும் டயருக்குச் சுடுவதே ஆபத்தான வேலை என்பதற்கு இதுவே போதும்.

உடலைப் பற்றி இன்னும் கவனம் தேவை. முதுகில் காயம் என்ற ஒரு கைத்தொலைபேசிப் படத்தோடு பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். மனித உடல் அரை நொடியில் திரும்பிவிடும். பெரிய காயம் எல்லாம் வெளியேறிய காயமும் அல்ல. துப்பாக்கி வாயை அழுத்திச் சுட்டால் நுழைந்த இடமே கிழிந்துபோகலாம். புகைக்கரியும் வெடிமருந்துத் துகள்களும் கிட்டத்தில் நின்று சுட்டதைக் காட்டும், ஆனால் அவை உடுப்பிலேயே தங்கிவிடும். இரத்தம் தோய்ந்த சட்டையை வீட்டார் கழுவினால் அந்தச் சான்று அதோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் அந்த உடுப்பைக் கையில் தந்தால், தொடாமல் கடதாசிப் பையில் வைத்து நீதவானிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் பூஞ்சணமாகும்.

எங்கள் சைவ வீடுகளுக்குச் சொல்லவே வாய் வராத ஒன்றும் உண்டு: சந்தேகம் இருந்தால் தகனம் செய்யாதீர்கள், புதையுங்கள். இரண்டாவது பரிசோதனைக்கு வழி அப்போதுதான் இருக்கும்.

வீடியோ எடுத்தவர் அதை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்து, நேரமும் இடமும் அழிந்துவிடும். மூலக் கோப்பை வேறொரு மெமரி கார்ட்டில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். ஏ-9 ஓரத்துக் கடைகளின் கமராப் பதிவு சில நாட்களில் தானாகவே மேலெழுதப்படும். அன்றே போய்க் கேளுங்கள். சுட்ட இடத்தில் கிடக்கும் வெற்று ரவைக் கோதுகளை யாரும் நினைவுக்குப் பொறுக்கக்கூடாது. அவை கிடந்த இடமும் எண்ணிக்கையும், அன்று பொலிஸ் நிலையத்தில் கொடுத்துத் திரும்பப் பெற்ற ரவைகளின் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். அந்தப் பதிவேட்டை நீதிமன்றத்துக்கு வரவழைக்கும்படி சட்டத்தரணி முதல் தவணையிலேயே விண்ணப்பிக்கட்டும்.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே தவணை. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இறந்தவரின் உறவினரும் மனுச்செய்யலாம் என்று சிறியானி சில்வா வழக்கில் உயர் நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டது. செத்தவீட்டுத் துக்கத்தில் அந்த முப்பது நாளும் கரைந்துவிடும். அயலில் ஒருவர் குடும்பத்தோடு கூடப் போய் முறைப்பாட்டைக் கொடுத்து, பதிவு இலக்கத்தை வாங்கிவர வேண்டும்.