புள்ளிக் கணக்கு வேறு, வாக்காளர் பட்டியல் வேறு: தை மாதக் கேள்வி பதில்

முப்பத்தோர் ஆண்டுகள் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடியிலும் எண்ணிக்கை மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்து நண்பர்கள் என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். சட்டம் சொல்வதைச் சட்டம் என்றும், என் கருத்தைக் கருத்து என்றும் பிரித்தே சொல்கிறேன். இந்த முறை பாதிக்கு மேல் வாக்காளர் பட்டியல் பற்றிய கேள்விகள். அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கண்டனூர்க்காரர், சென்னையிலிருந்து: நான்கு தலைமுறையாக எங்கள் வீடு கண்டனூரில் இருக்கிறது. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் ஊருக்கு வருகிறேன். ஊர்க் கோயிலுக்கான புள்ளி வரி ஒரு தடவைகூடப் பாக்கி வைத்ததில்லை. 2025இல் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?

உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்ல முடியாது.

நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. அவர் பினாங்கில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் சொந்த ஊரில் அவர் புள்ளிதான். ஊர்க் கோயில் கணக்கில் அவர் பெயர் இருக்கும், முன்னோருக்குப் படைக்கும் படைப்பில் அவருக்குப் பங்கு இருக்கும். கடல் கடந்து வியாபாரம் செய்த ஒரு சமூகம் சிதறிப் போகாமல் இருக்கக் கண்ட அருமையான ஏற்பாடு அது. வாக்காளர் பட்டியலுக்கு அளவுகோல் வேறு. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, அந்தத் தொகுதியில் சாதாரணமாக வசிப்பவராக இருக்க வேண்டும் என்கிறது. 20ஆம் பிரிவு இன்னும் தெளிவு: ஒரு வீடு சொந்தமாக இருக்கிறது, அல்லது கைவசம் இருக்கிறது என்ற காரணத்தால் மட்டுமே ஒருவரை அங்கே வசிப்பவராகக் கருதக் கூடாது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று நினைக்கும் அளவுக்கு நமக்குப் பொருந்துகிற வாசகம் அது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். தெருக்குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதை அனுபவிக்கிறவர்தான் அந்தத் தெருவுக்கான பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முகப்பில் பூட்டுத் தொங்குகிற வீட்டின் வாக்கு, அதே தெருவில் குடத்தோடு நிற்கிற பெண்ணின் வாக்கைச் செல்லாக்காசாக்கக் கூடாது.

சென்னையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லை என்றால் அங்கே பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுங்கள். இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருப்பதை 17, 18ஆம் பிரிவுகள் தடுக்கின்றன. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. “எல்லோரும் வைத்திருக்கிறார்கள்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கானாடுகாத்தான், ஒரு பேரன்: என் ஆயாவுக்கு 84 வயது. கண் அறுவை சிகிச்சைக்காக மதுரையில் இரண்டு மாதம் இருந்தார். அதற்குள் பெயரை நீக்கிவிட்டார்கள். மேலே நீங்கள் சொன்ன சட்டம் இவருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. அதே 20ஆம் பிரிவில்தான், தற்காலிகமாக வெளியூர் போனதால் ஒருவர் வசிப்பிடத்தை இழந்துவிடுவதில்லை என்றும் இருக்கிறது. உங்கள் ஆயா கானாடுகாத்தான் வாக்காளர்தான், அதில் ஐயமே வேண்டாம்.

எங்கள் தெருவிலும் இப்படி ஓர் ஆச்சி. 2025 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய தீவிரத் திருத்தக் கணக்கெடுப்பில், அலுவலர் வந்த நாட்களிலெல்லாம் அவர் மகள் வீட்டில் இருந்திருக்கிறார். வரைவுப் பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்ததும் ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பட்டாலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: ரேஷன் அட்டை, மடிப்பில் கிழிந்து ஒட்டப்பட்ட பழைய வாக்காளர் அட்டை, கணவரின் இறப்புச் சான்றிதழ், மின்கட்டண ரசீது. “1957லிருந்து ஓட்டுப் போடுகிற குடும்பம் தம்பி, நான் செத்தா போய்விட்டேன்?” என்று கேட்டார். படிவம் 6ஐயும் உறுதிமொழியையும் நான் நிரப்பினேன். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனாவை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினார். ஐந்து நிமிடம் ஆயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் பெரும்பகுதி ஊர் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற பிரிவு. இறந்தவர்களையும் இரட்டைப் பதிவுகளையும் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற மாதத்தில், ஒரு மாத அவகாசம் என்று தொடங்கி, பிறகு இரண்டு முறை நீட்டி டிசம்பர் 14இல் முடித்த அவசரம் தவறு. நீக்குவதற்கு முன்பு நிரூபிக்கிற பொறுப்பு அரசின் தோளில் இருந்திருக்க வேண்டும். ஓர் ஆச்சியின் மஞ்சள் பையில் அதை ஏற்றியிருக்கக் கூடாது.

உங்கள் ஆயாவுக்கு நாளைக்கே படிவம் கொடுங்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு அந்தக் கதவு மூடிவிடும். கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள்.

சிங்கப்பூர், தேவகோட்டையைச் சேர்ந்தவர்: எனக்கு வாக்குரிமை உண்டா?

இந்தியக் குடியுரிமை இருந்தால் உண்டு. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் படிவம் 6A மூலம் பதிவு செய்யலாம். வாக்களிக்க நேரில் வர வேண்டும், அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். சிங்கப்பூர் குடியுரிமை எடுத்துவிட்டால் கிடையாது.

காரைக்குடி, முதல் முறை வாக்களிக்கப் போகும் மாணவி: என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?

2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். அப்போது அவர் மாநிலக் காங்கிரஸ் தலைவர், முதல்வர் பதவிக்குப் பேசப்பட்டவர். 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும் ஒரே வாக்கு வித்தியாசம்தான். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று கவிழ்ந்ததை உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியில் 2009இல் ப. சிதம்பரம் வென்றது 3,354 வாக்கு வித்தியாசத்தில். அந்த எண்ணிக்கையை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த இடத்தில் 3,354 என்பது எவ்வளவு சிறியது என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். இருவருக்கும் சம வாக்கு வந்தால் குலுக்கல்தான். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. நீங்கள் வீட்டில் இருந்துவிட்டால் உங்களுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு முடிவு செய்யும்.

திருப்பத்தூர் வியாபாரி: ஒரே பெயரில் ஐந்தாறு பேரை நிறுத்துகிறார்களே, இதைத் தடுக்க வழியில்லையா?

2024இல் பக்கத்து ராமநாதபுரம் தொகுதியில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் மனுச் செய்தார்கள். பெற்றோர் வைத்த பெயரோடு ஒருவர் போட்டியிடுவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. 2015 முதல் இயந்திரத்தில் வேட்பாளரின் புகைப்படத்தையும் ஒட்டுகிறார்கள். அது ஓரளவுக்குத் தீர்வு. ஆனால் வாக்காளரை ஏமாற்றவே ஆள் பிடித்து நிறுத்துவது அசிங்கமான வேலை. எந்தக் கட்சி செய்தாலும் அசிங்கம்தான்.

இதோடு மொடக்குறிச்சியைச் சேர்த்துப் பேசாதீர்கள். 1996இல் அங்கே 1,033 பேர் நின்றதற்குக் காரணம், தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்ற விவசாயிகளின் கோபம். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். அது போராட்டம், இது தந்திரம். ஆனால் அரசு கொடுத்த மறுமொழி வைப்புத் தொகையை உயர்த்தியது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்தது 5,000 ஆயிற்று, இன்று 10,000. பணமில்லாதவர் தேர்தலில் நிற்பது அன்றோடு கடினமாகிவிட்டது.

கோட்டையூர் இல்லத்தரசி: மாநகராட்சியில் சேர்ந்ததால் எங்களுக்கு என்ன லாபம்?

1928இல் நகராட்சியான காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆயிற்று. உங்கள் கோட்டையூரும் கண்டனூரும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. நிதி கூடுதலாக வரும், பாதாளச் சாக்கடைபோன்ற பெரிய திட்டங்கள் வரும் என்பது லாபக் கணக்கு. சொத்து வரி ஏறும் என்பது இன்னொரு பக்கம். நூறு நாள் வேலை கிராமத்துக்கான திட்டமாக இருந்தது. ஊராட்சி நகரத்தோடு சேர்ந்தபோது அந்த வேலை போய்விட்டது. அரியக்குடிப் பக்கம் களையெடுக்கிற பெண்ணுக்கு மாநகராட்சி என்ற பெயர்ப்பலகையால் அடுப்பு எரியாது. இணைப்புக்கு முன்பு அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சங்கராபுரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2020 ஜனவரியில் எண்ணிக்கை முடிந்தபோது அந்த ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட இரண்டு பெண்கள் கையிலும் வெற்றிச் சான்றிதழ்! முதலில் ஒருவருக்கு, பிறகு மற்றவருக்கு. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. எண்ணிக்கை மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விடிய விடிய எண்ணுகிறபோது கண் எரியும், தாள் கலங்கித் தெரியும். ஆனால் மறு எண்ணிக்கைக் கோரிக்கையை முடிக்காமல் சான்றிதழில் கையெழுத்துப் போடக் கூடாது. தேர்தல் வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

கல்லல் பக்கம் ஒரு விவசாயி: எங்கள் ஊராட்சிக்குத் தலைவரே இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. 2026 ஜனவரி ஆகியும் அரசு நியமித்த தனி அலுவலர்தான் இருந்தார். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243E பிரிவு சொல்கிறது. மாநில உரிமை பற்றி டெல்லியிடம் உரக்கப் பேசுகிறோம், பேச வேண்டும். அதே உரிமையைக் கல்லலுக்குக் கொடுக்காமல் இருப்பது எந்த நியாயம்? தலைவர் இல்லாவிட்டாலும் கிராமசபை உண்டு. ஜனவரி 26 போன்ற நாட்களில் அது கூடும். எழுத்தில் மனுக் கொண்டுபோய், தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

புதுவயல் ஆசிரியர்: ஆளுநர் விவகாரம் முடிந்துவிட்டதா?

இல்லை. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், ஆளுநர் ஒப்புதல் தராமல் நிறுத்திவைத்த தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது. நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் முடிவை, நியமிக்கப்பட்ட ஒருவர் கிடப்பில் போட முடியும் என்ற நிலை எனக்கு ஏற்புடையது அல்ல.

தேவகோட்டை வழக்கறிஞர்: தொகுதி மறுவரையறையில் நாம் இழப்போம் என்பது வெறும் பயமா?

ஏற்கெனவே ஒரு முறை இழந்திருக்கிறோம். 1962 தேர்தலில் இந்த மாநிலத்துக்கு 41 மக்களவைத் தொகுதிகள். 1967இல் 39. குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்துகாட்டிய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான் 1976இல், மக்கள்தொகைப்படி தொகுதி எண்ணிக்கையை மாற்றுவதை நிறுத்திவைத்தார்கள், 2001இல் நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்பு, 2026க்குப் பிறகான முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரை. அந்தக் கணக்கெடுப்பு 2027இல். நிறுத்திவைத்த காரணம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆகவே பயம் நியாயமானது.

சிறாவயல் இளைஞர்: வேட்பாளர்களின் சொத்துப் பட்டியலைப் படித்துப் பயன் உண்டா?

கட்டாயம் படியுங்கள். உச்ச நீதிமன்றம் 2002இல் பெற்றுத் தந்த உரிமை அது. சென்ற தேர்தலுக்குக் கொடுத்த பிரமாணப் பத்திரத்தையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிலம், நகை, கடன் என்று வரி வரியாக ஒப்பிடுங்கள்.

உங்கள் ஊரில் நடந்ததுதான். பிற்காலத்தில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா (ப. ஜீவானந்தம்) சிறாவயலில் ஆசிரமம் நடத்தியபோது, 1927இல் காந்தி அவரைப் பார்க்க வந்தார். உங்களுக்கு என்ன சொத்து இருக்கிறது என்று காந்தி கேட்க, இந்தியாதான் என் சொத்து என்று ஜீவா சொல்ல, இல்லை, நீங்கள்தான் இந்தியாவின் சொத்து என்று காந்தி சொன்னதாக இன்றும் சொல்லப்படுகிறது. வயிரவன்பட்டிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போகிற எத்தனையோ பேர் அந்த ஊரைக் கடந்து போகிறார்கள். ஒரு நிமிடம் இறங்கி நிற்க வேண்டிய இடம்.

பள்ளத்தூர் ஆச்சி: வாக்குச்சாவடியில் விரலில் வைக்கிற மையின் குப்பியை மணலில் புதைத்து வைத்திருக்கிறார்களே, ஏன்?

சாய்ந்துவிடாமல் இருக்கத்தான் ஆச்சி. ஒரு டப்பாவில் மணலை நிரப்பிக் குப்பியை முக்கால்வாசி இறக்கி வைப்போம். 1962 தேர்தலிலிருந்து மைசூரில் உள்ள கர்நாடக அரசின் நிறுவனம் செய்து தருகிற மை அது. அதில் இருக்கிற வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு, வெளிச்சத்தில் கறுத்துவிடும். மேசையில் கொட்டினால் மரத்தைவிட்டுப் போகாது, வேட்டியில் பட்டால் வேட்டி போயிற்று. இடதுகை ஆள்காட்டி விரலில் நகத்தின் மேலிருந்து முதல் கணுவரை கோடு இழுப்போம். விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு வராதீர்கள், துடைத்துவிட்டுத்தான் வைப்பார்கள்.