நிரலை ஓட்டாமலே பிழை தேடும் ஸ்டாட்டிக் அனலைசரைப் போட்டால் ஒரே ஒரு கோப்பு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது? கம்பைலரில் பிழையா?

எடுத்த எடுப்பில் கம்பைலரைச் சந்தேகப்பட வேண்டாம். ஜிசிசி கம்பைலரில், அனலைசரை இயக்கும் எஃப்அனலைசர் ஃபிளாகைப் போட்ட முதல் வாரம் எனக்கும் இதே கதைதான். மற்ற கோப்புகள் கொஞ்சம் மெதுவானதோடு சரி. பார்சர் கோப்பு ஒன்று மட்டும் 3 விநாடியிலிருந்து 11 நிமிடத்துக்குப் போய்விட்டது.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் எஃப்-டைம்-ரிப்போர்ட் ஃபிளாகைப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய மொத்த நேரமும் அனலைசர் கணக்கில் இருந்தது. கோப்புக்குள்ளே ஒரு பெரிய லூப், அதில் 200 கேஸுக்கு மேல் உள்ள ஸ்விட்ச், மெமரி முகவரியை வைத்திருக்கும் மூன்று பாயிண்டர்கள்.

சாதாரண எச்சரிக்கைகளுக்குக் கம்பைலர் இவ்வளவு அலைவதில்லை. அனலைசரோ ஒவ்வொரு இஃப்பிலும் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் நடந்து பார்க்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 இஃப் வரிசையாக வந்தால் பாதைகள் 10,48,576. ஒரே நிலையோடு வந்து சேரும் பாதைகளை ஒன்றாக்கிவிடும்தான். ஆனால் ஒரு பாதையில் பாயிண்டரின் மெமரி ஃப்ரீ ஆகிவிட்டது (விடுவித்தாயிற்று), இன்னொன்றில் பாயிண்டர் நல் (வெற்று) இல்லை என்று சோதித்தாயிற்று, மற்றொன்றில் சோதிக்கவே இல்லை என்றால் எதை எதோடு சேர்ப்பது? மூன்று பாயிண்டருக்கும் மூன்று நிலை என்றால் 27 சேர்க்கை.

மெதுவாக ஓடுவதுகூடப் பரவாயில்லை. நிரலின் ஒரு புள்ளிக்கு 8 நிலைதான் டிஃபால்ட் வரம்பு. அதைத் தாண்டினால் அனலைசர் அந்தப் புள்ளியைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். எச்சரிக்கை வரவில்லை, நிரல் சுத்தம் என்று நானும் பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படிக் கைவிடும்போது சொல்லும் டபிள்யூ-அனலைசர்-டூ-காம்ப்ளெக்ஸ் ஃபிளாகைப் போட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. நீங்களும் முதலில் அதைப் போடுங்கள்.

வரம்பைக் கூட்டிப் பார்க்கத் தோன்றும். நானும் கூட்டினேன், நேரம்தான் கூடியது. அப்புறம் கேஸ்களைச் சின்ன ஃபங்ஷன்களாகப் பிரித்து, மெமரி வாங்குவதையும் விடுவதையும் லூப்புக்கு வெளியே எடுத்தேன். 40 விநாடிக்கு இறங்கியது. கூடவே, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு எர்ரர் கிளையில் டபுள் ஃப்ரீ (ஒரே மெமரியை இரண்டு முறை விடும் பிழை) ஒன்றும் மாட்டியது! நாம் எழுதாமல் வேறு கருவிகள் தானாக உருவாக்கித் தந்த நிரல் கோப்புகளை அனலைசருக்குக் காட்டுவதையே நிறுத்திவிட்டேன்.

உங்கள் கோப்பு சி++ என்றால், இதில் மெனக்கெடுவதற்கு முன் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரின் அனலைசரை ஓட்டிப் பாருங்கள். ஜிசிசியினுடையது முதன்மையாக சி மொழிக்காக எழுதப்பட்டது.