பிளஸ் டூ வந்தால் பாட்டை நிறுத்துவதா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் பிளஸ் ஒன் போகிறாள். எட்டு வருடமாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறாள். இரண்டு வருடம் நிறுத்திவிட்டு, காலேஜ் சேர்ந்ததும் தொடரலாம் என்கிறார் என் கணவர். சரிதானா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: வேண்டாம் அம்மா. புதுப் பாடம், போட்டிகள், நவராத்திரி மேடைகள் எல்லாவற்றையும் தாராளமாக நிறுத்துங்கள். தினசரி சாதகத்தை (குரல் பயிற்சியை) மட்டும் விட்டுவிடாதீர்கள். கற்ற கிருதிகள் (பாடல்கள்) இரண்டு வருடம் கழித்தும் நினைவுக்கு வந்துவிடும். மூச்சின் நீளமும், பிருகா எனும் அதிவேகக் குரலோட்டமும், சுருதியில் அசையாமல் நிற்கும் பழக்கமும் அப்படி வருவதில்லை. விட்டால் மறுபடி ‘ஆ’ என்று ஸ்வரம் பிடிக்கும் அகாரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ஒரு நாளைக்கு 45 நிமிடம் போதும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் என்றால் நல்லது. முதல் 10 நிமிடம் தம்பூராவோடு மந்திர ஸ்தாயி (கீழ்க் குரல்) பஞ்சமம், அதாவது ‘ப’ வரை இறங்கி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அகாரத்தில் நீளமாகப் பிடிக்கட்டும். அடுத்த 15 நிமிடம் ஒரே ஒரு வர்ணம் (கச்சேரித் தொடக்கத்திலும் பயிற்சிக்கும் பாடும் உருப்படி), இரண்டு காலத்தில் (வேகத்தில்), ஸ்வரமாக ஒரு முறை, அகாரமாக ஒரு முறை. வாரத்தில் இரண்டு நாள் அட தாள வர்ணம் எடுக்கட்டும். அந்தத் தாளத்தின் 14 அட்சரத்தை (எண்ணிக்கையை) கைவிடாமல் போட்டுக்கொண்டு பாடினால் லயம் தளராது. மீதி 20 நிமிடத்தில் ஒரு ராகம், அதில் ஏற்கெனவே பாடமான ஒரு கிருதி, நாலு ஆவர்த்தம் (தாளச் சுற்று) கற்பனை ஸ்வரம். அந்த வாரம் முழுக்க அதே ராகம்தான்.

பெரும்பாலான வீடுகளில் சறுக்குவது ஒரே இடத்தில்தான். வாரம் முழுக்கப் பாடாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்துப் பாடுவது. பழக்கம் விட்ட தொண்டையில் தார ஸ்தாயியை (மேல் குரலை) எட்ட, கழுத்தை இறுக்கிப் பாடுவார்கள். திங்கட்கிழமை குரல் கட்டிக்கொள்ளும். பழி பாட்டின்மேல் விழும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: பாடத்தை உரக்கப் படித்து மனப்பாடம் செய்வது. பரீட்சை நேரத்தில் மணிக்கணக்காக இப்படிப் படிக்கிற பிள்ளைக்குப் பாடக் குரல் மிஞ்சாது. எழுதிப் பார்த்து மனதில் ஏற்றச் சொல்லுங்கள். ராத்தூக்கம் குறைந்தாலும் மறுநாள் குரலில் அது தெரியும்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் கணீரென்று பாடிக்கொண்டிருந்தான். இப்போது குரல் பிசிறுகிறது. பாட்டு வாத்தியார் கொஞ்ச நாள் பொறுங்கள் என்கிறார்.
– மதுரை வாசகர்

பதில்: இது மகரக்கட்டு, வளரும் வயதில் பையன்களுக்குக் குரல் உடைவது. பயப்பட ஒன்றுமில்லை. பழைய சுருதியைக் கட்டாயப்படுத்துவதுதான் கெடுதல். எட்டாத மேல் ஸ்வரங்களுக்குக் கள்ளக்குரல் (இயல்பில்லாத பொய்க்குரல்) பழகிவிடும், பிறகு அதைப் போக்கப் பெரும்பாடு. சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டையாக அவன் குரல் போகும் வழியில் இறக்கிக்கொண்டே வாருங்கள். பல ஆண் குரல்கள் கடைசியில் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் வந்து நிற்கும். அதுவரை எட்டாத ஸ்வரத்தை முயற்சிக்கவே வேண்டாம். சிரமமில்லாத எல்லைக்குள் தினம் 20 நிமிடம் போதும். பாட முடியாத பொழுதில் தாளக் கணக்கு, ஸ்வரப்படுத்தி எழுதுவது, பெரிய வித்வான்களின் ஒரே ராக ஆலாபனைகளை ஒப்பிட்டுக் கேட்பது என்று நிறைய வேலை இருக்கிறது. கரகரப்போடு வலியும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: இசையிலேயே பட்டம் படிப்பதா, வேறு படிப்போடு பாட்டைத் தொடர்வதா?
– பிளஸ் டூ மாணவி, கும்பகோணம்

பதில்: இரண்டு வழியிலும் வந்தவர்கள் இருக்கிறார்கள். பாடகி எஸ். சௌம்யா சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் படித்தவர். பாடகர் சஞ்சய் சுப்ரமண்யன் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். இசைப் பட்டம் லக்ஷணமும் (இசை இலக்கணமும்) வரலாறும் தரும், ஆசிரியர் வேலைக்குத் தகுதி தரும். கச்சேரி மனோதர்மம் (அந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடுவது) குருவின் முன்னால் உட்கார்ந்துதான் வரும், பட்டம் எதுவானாலும். உங்களுக்குத் திருவையாறு அரசு இசைக் கல்லூரி பக்கம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இசைத் துறை உண்டு.

வேறு படிப்பு என்றால் பாடத்தின் பெயரைவிட நேர அட்டவணையைப் பாருங்கள். சாயங்காலம் வரை லேப் இழுக்கிற படிப்பா? குரு வீட்டுக்குப் போய்வர எவ்வளவு நேரம்? ஹாஸ்டல் என்றால் காலை ஆறு மணிக்குக் காலி வகுப்பறை ஒன்றைத் திறந்து தருவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். பகிர்ந்துகொள்ளும் அறையில் யாரும் வாய்விட்டுச் சாதகம் செய்ய முடியாது. மெல்லிய குரலில் முனகிப் பழகினால் குரலின் கனம் போய்விடும். வெளியூர்க் கச்சேரிகளை ஒப்புக்கொள்ளும்போது 75 சதவீத வருகைப்பதிவைக் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: டிசம்பர் சீசனில் ஒன்றரை மணி நேர மத்தியானக் கச்சேரி கிடைத்திருக்கிறது. அதே வாரம் அரையாண்டுத் தேர்வு. எப்படித் தயாராவது?
– சென்னை மாணவர்

பதில்: அக்டோபருக்குள் பாட்டுப் பட்டியலை முடிவு செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். வர்ணம் 7 நிமிடம், ஸ்வரத்தோடு பிள்ளையார் கிருதி 10, சௌக்க (மெதுவான) காலக் கிருதி 12, துரித காலத்தில் ஒன்று 5, பிரதான ராக ஆலாபனை 12, அதன் கிருதியும் நிரவலும் (ஒரே வரியைப் பல விதமாகப் பாடுவது) ஸ்வரமும் 20, மிருதங்கத் தனி 10, துக்கடாவும் (சின்னப் பாட்டுகள்) மங்களமும் 10. மொத்தம் 86, சுருதி சேர்க்க 4 நிமிடம். பிரதான ராகத்தை நீட்டிவிட்டுத் தனியைச் சுருக்கச் சொல்வது மிருதங்கக்காரருக்குச் செய்யும் அநியாயம். ஆகவே நவம்பரில் கடிகாரத்தை எதிரில் வைத்து நாலு முறையாவது முழுக் கச்சேரியையும் பாடிப் பாருங்கள். தேர்வு வாரத்தில் காலை 20 நிமிடம் மட்டும், அதுவும் மந்திர, மத்திய ஸ்தாயிகளில். கச்சேரிக்கு முந்தின நாள் ஒருமுறை பல்லவி, அனுபல்லவிகளை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுங்கள்.