சாஃப்ட்வேர் ஃப்ரீதான், மத்ததுக்கெல்லாம் காசு: சொந்த சர்வர் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கேள்விங்கள்ல பாதி ஒரே விஷயத்தப் பத்தி. சொந்தமா ஒரு சர்வர் (எப்பவும் ஓடிட்டு நம்ம ஃபைல், ஆப்ப எல்லாம் வச்சிருக்குற கம்ப்யூட்டர்) வச்சு போட்டோ ஆப், ஃபைல் ஆப், பில்லிங் ஆப்னு நாமளே போட்டுக்கலாமா, எத வாங்கணும், எங்க ஏமாறாம இருக்கணும். அதனால மிக்சி, ஏசி கேள்விங்கள அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், எங்க ரெண்டு பசங்களும் பொறந்ததுல இருந்து எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் சேர்ந்து 430 ஜிபி ஆயிடுச்சு. கூகுள்ல 200 ஜிபி பிளான் பத்தாம 2 டிபி பிளானுக்கு மாறி வருஷத்துக்கு 6500 ரூபா கட்றேன். ஆபீஸ்ல ஒரு தம்பி, இம்மிச்னு ஒரு போட்டோ ஆப் இருக்குண்ணா, ஃப்ரீ, வீட்ல ஒரு பழைய கம்ப்யூட்டர்ல போட்டா காசே கட்ட வேணாம்ங்கறான். போடலாமா? என்ன வாங்கணும்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: போடலாம், ஆனா காசு மிச்சம்னு நினைச்சுப் போடாதீங்க. முதல்ல கணக்கு பாத்துருவோம். நல்ல கண்டிஷன்ல ஒரு பழைய மினி பிசி பத்தாயிரத்துக்கு முன்ன பின்ன வரும், டேட்டாவுக்கு ஒரு டிஸ்க், அந்த டிஸ்க் போச்சுன்னா காப்பாத்த இன்னொரு டிஸ்க், கரண்ட் போனா தாங்க ஒரு யுபிஎஸ், எல்லாம் சேத்தா 25,000ல இருந்து 30,000 ஆயிடும். அதாவது நீங்க கூகுளுக்குக் கட்ற நாலு நாலரை வருஷ காசு. அதுக்குள்ள ஒரு டிஸ்க் மண்டையப் போட்டுச்சுன்னா அதுவும் போச்சு. அப்புறம் எதுக்குப் போடணும்னு கேட்டீங்கன்னா, 2021 ஜூன் 1ஆம் தேதி கூகுள் போட்டோஸ்ல அன்லிமிட்டட் ஃப்ரீய நிறுத்தினாங்க பாருங்க, அந்த மாதிரி யாரோ எங்கயோ எடுக்குற முடிவுக்கு நம்ம பசங்க போட்டோ கட்டுப்படக் கூடாதுன்னு நினைக்கிறவங்களுக்கு இது சரி. உங்களுக்கு அந்த எண்ணம் இல்லன்னா 6500 கட்டிட்டு நிம்மதியா இருங்க, நான் ஒன்னும் தப்பா நினைக்க மாட்டேன்.

சரி, போடறதுன்னு முடிவு பண்ணியாச்சுன்னா புதுசா எதுவும் வாங்காதீங்க. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினின்னு கம்பெனிங்கள்ல இருந்து கழிச்சுக் கட்டுன சின்னப் பெட்டிங்க ரீஃபர்பிஷ்டு கடைங்கள்ல கெடைக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நிறையவே பாக்கலாம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 11 எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழ இருக்குற இன்டெல் சிப்புகள ஏத்துக்காது, அதனால ஆறாவது ஏழாவது ஜெனரேஷன் மெஷினுங்க ஆபீஸ் ஆபீஸா வெளிய வருது. நாம விண்டோஸ்க்குப் பதிலா போடப்போறது டெபியனோ உபுண்டுவோன்னு ஒரு ஃப்ரீ லினக்ஸ், அதுக்கு அந்தத் தொல்லை கெடையாது. ரேம் மட்டும் 8 ஜிபிக்குக் கீழ எடுக்காதீங்க. இம்மிச்காரங்களே குறைஞ்சது 6, நல்லா ஓட 8ன்னுதான் சொல்றாங்க. கடையில பில் கேளுங்க, வாரன்டி எத்தன நாள்னு பில்லுலயே எழுதி வாங்குங்க, வாயால சொல்ற ஆறு மாசம் வாரன்டி கணக்குல வராது.

கரண்ட் பில்ல நினைச்சுப் பயப்பட வேணாம். சும்மா ஓடிட்டு இருக்கும்போது 15 வாட்னு வச்சுக்குங்க, மாசத்துக்கு 11 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 22. நீங்க ஏற்கனவே 500 யூனிட் ஓரத்துல நிக்கிற ஆளா இருந்தா மட்டும் கவனிங்க, அதத் தாண்டுனா ஸ்லாபே மாறி மொத்த பில்லும் ஏறிடும். பழைய பெரிய டெஸ்க்டாப் வீட்ல சும்மா கெடக்கு அதுலயே போட்டுக்கறேன்னு சொல்றவங்க இந்தக் கணக்க மூணு நாலு மடங்காப் போட்டுப் பாருங்க.

இன்ஸ்டால் பண்றது நீங்க பயப்படற அளவுக்கு இல்ல. டாக்கர் (ஒரு ஆப்ப அதுக்குத் தேவையானதெல்லாம் சேத்து ஒரே பொட்டலமா ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டுட்டு, இம்மிச் சைட்ல இருந்து ரெண்டு ஃபைல் எறக்கி, ஒன்னுல போட்டோ எங்க போய் உக்காரணும்னு ஃபோல்டரும் டேட்டாபேஸ் (போட்டோ பத்தின விவரமெல்லாம் இருக்குற பட்டியல்) பாஸ்வேர்டும் எழுதி, ஒரு கமாண்ட் குடுத்தா எழுந்து நிக்கும். பிரவுசர்ல அந்த மெஷினோட ஐபி (நெட்வொர்க்ல அதோட நம்பர் முகவரி) போட்டு 2283ங்கற போர்ட்ல (கதவு நம்பர் மாதிரி) திறந்தா வந்துரும், முதல்ல யார் பதிவு பண்றாங்களோ அவங்கதான் அட்மின். பாஸ்வேர்டுல எழுத்தும் நம்பரும் மட்டும் வைங்க, சிறப்புக் குறி எதுவும் போட்டீங்கன்னா அந்த ஃபைல் அத வேற மாதிரி படிச்சுட்டு உயிர எடுக்கும்.

நிறைய பேர் தடுக்கி விழற இடம் ஒன்னு இருக்கு. வீட்ல கெடக்குற எக்ஸ்டர்னல் ஹார்டுடிஸ்க்க எடுத்து அப்படியே சொருகுவாங்க, அது விண்டோஸ்க்காக ஃபார்மேட் பண்ணது, அதுல டேட்டாபேஸ் ஃபோல்டர வச்சா அந்த டேட்டாபேஸ ஓட்டுற போஸ்ட்கிரெஸ் எழவே எழாது, லாக்ல பர்மிஷன் எரர் எரரா வரும், ரெண்டு நாள் தூக்கம் போகும். டேட்டாபேஸ் மெஷினுக்குள்ள இருக்குற எஸ்எஸ்டியிலயே இருக்கட்டும், போட்டோ மட்டும் பெரிய டிஸ்க்குக்குப் போகட்டும், அந்த டிஸ்க்கையும் லினக்ஸுக்கான எக்ஸ்ட்4 முறைல ஃபார்மேட் பண்ணிக்கங்க.

என் வீட்ல நடந்தத சொல்றேன். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய் வந்துச்சு, காலைல பாத்தா இம்மிச் ஸ்டார்ட் ஆகல, திரும்பத் திரும்ப விழுந்துட்டே இருக்கு, எனக்கு கை காலெல்லாம் உதறல், பத்து வருஷ போட்டோ. கடைசில பாத்தா யுஎஸ்பி டிஸ்க் மவுன்ட் ஆகல, அதாவது சிஸ்டத்தோட சேரல, அவ்வளவுதான். இம்மிச் ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒளிச்சு ஒரு குட்டி ஃபைல் வச்சிருக்கும், அது கண்ணுல படலன்னா டிஸ்க் இல்லன்னு புரிஞ்சுட்டு ஓட மாட்டேன்னு நின்னுடும். அப்படி நிக்கலன்னா காலி ஃபோல்டர்ல புது போட்டோவக் கொட்டிட்டு இருந்துருக்கும். அன்னிக்குத்தான் யுபிஎஸ் வாங்கினேன். டிஸ்க்க சொருகுன கேபிளயும் மாத்தினேன், அது தனிக் கதை.

பேக்கப் விஷயத்துல இன்னொரு ஏமாற்றம் இருக்கு. இம்மிச் தினமும் ராத்திரி தானா ஒரு பேக்கப் எடுக்கும், கடைசி 14 நாளுது வச்சிருக்கும், அதப் பாத்துட்டு ஆஹா எல்லாம் பத்திரம்னு இருந்துடாதீங்க, அது டேட்டாபேஸ் மட்டும்தான், போட்டோ அதுல ஒன்னுகூட இருக்காது, அதுவும் அதே டிஸ்க்லதான் உக்காந்துருக்கும். ரெண்டாவது டிஸ்க்குக்கு வாரா வாரம் காப்பி போகணும், முடிஞ்சா அந்த டிஸ்க் மாமனார் வீட்ல இருக்கட்டும். திருடனும் தண்ணியும் வந்தா ஒரே வீட்ல இருக்குற ரெண்டு டிஸ்க்கும் சேந்தேதான் போகும்.

கூகுள்ல இருந்து எறக்க டேக்அவுட்னு ஒரு வசதி இருக்கு. கேக்கும்போது ஒரு ஃபைல் 50 ஜிபின்னு வச்சுக்கங்க, 2 ஜிபின்னு விட்டா இருநூறுக்கு மேல ஜிப் வந்து நிக்கும். எறக்குனத கையால இழுத்துப் போடாதீங்க, தேதியும் இடமும் தனி ஃபைல்ல இருக்கும், இம்மிச்-கோங்கற டூல் வழியா ஏத்துனா அத போட்டோவோட சேத்துக் குடுக்கும். ஏத்தி முடிச்சதும் முகம் கண்டுபிடிக்கிற வேலைல மெஷின் நாள்கணக்குல சூடா ஓடும், ஃபேன் கத்தும், பயப்படாதீங்க. முக்கியமா கூகுள் பிளான உடனே கேன்சல் பண்ணாதீங்க. ஒரு வருஷம் ரெண்டும் ஓடட்டும்.

கேள்வி: வீட்ல போட்டாச்சு, வைஃபைல சூப்பரா ஓடுது. வெளிய போனா வரமாட்டேங்குது. வெளிய இருந்து சர்வருக்கு வழி விட ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங்லாம் பண்ணிட்டேன். ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத ஐபி வாங்குங்க, மாசா மாசம் தனியா கட்டணும்ங்கறாங்க நெட் குடுக்குறவங்க. வாங்கணுமா? (மதுரை வாசகர்)

பதில்: வேணாம். ரவுட்டர் செட்டிங்ல வேன் (WAN) ஐபின்னு ஒன்னு காட்டும் பாருங்க, அது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா நீங்க சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருக்கீங்க. அதாவது ஒரே வெளி ஐபிய பல வீடுங்களுக்குப் பங்கு போட்டுக் குடுத்துருக்காங்க, நீங்க ரவுட்டர்ல எத்தன போர்ட் திறந்தாலும் அது உங்க வீட்டு வாசக் கதவத் திறந்து வைக்கிற மாதிரி, தெரு கேட்டு பூட்டித்தான் இருக்கு.

டெயில்ஸ்கேல்னு ஒரு ஆப் போடுங்க, உங்க சாதனங்கள மட்டும் தனிப் பாதைல இணைச்சுக் குடுக்கும், குடும்பத்துக்கு ஃப்ரீ பிளானே போதும். சர்வர்ல ஒன்னு, ஒவ்வொரு போன்லயும் ஒன்னு, அவ்வளவுதான், எந்த போர்ட்டும் ஊருக்குத் திறக்க வேணாம். கிளவுட்ஃபிளேர் டனலும் (உங்க சர்வர அந்தக் கம்பெனி நெட்வொர்க் வழியா வெளிய காட்டுறது) நல்ல வழிதான், யாருக்காவது லிங்க் அனுப்பணும்னா அதுதான் வசதி, ஆனா ஃப்ரீ பிளான்ல ஒரே தடவைல 100 எம்பிக்கு மேல அப்லோட் போகாது, கல்யாண வீடியோ ஏத்தும்போது பாதில நின்னுட்டு ஏன்னே சொல்லாது. வாடகை சர்வர்ல டாக்கர் போட்டவங்களுக்கும் ஒரு வார்த்தை, டாக்கர் திறக்குற போர்ட்டு யுஎஃப்டபிள்யூங்கற லினக்ஸ் ஃபயர்வாலத் தாண்டி வெளிய வந்துரும், நீங்க பூட்டிட்டேன்னு நினைச்சிட்டு இருப்பீங்க, அது ஊருக்கே திறந்து கெடக்கும்.

கேள்வி: மாசம் 99 ரூபா ஹோஸ்டிங், ஸ்பேஸ் அன்லிமிட்டட்னு போட்டிருக்கான். அதுல நெக்ஸ்ட்கிளவுட்ங்கற ஃபைல் ஆப் போட்டுக்கலாமா?

பதில்: நெக்ஸ்ட்கிளவுட் பிஎச்பில எழுதுனது, இந்த மாதிரி ஹோஸ்டிங்ல அது ஓடும், அதனால இன்ஸ்டால் ஆகிடும். அன்லிமிட்டட்ங்கறதுதான் பொய் இல்லாத பொய். கண்டிஷன்ஸ் பக்கத்துல ஐநோட்னு தேடுங்க, எத்தன ஃபைல் வச்சுக்கலாம்னு ஒரு எண்ணிக்கை இருக்கும், கூடவே ஃபைல் சேமிக்கிற குடோனா இத யூஸ் பண்ணக்கூடாதுன்னும் பெரும்பாலும் எழுதியிருப்பாங்க. நெக்ஸ்ட்கிளவுட் ஒவ்வொரு போட்டோவுக்கும் பல சைஸ்ல சின்னப் படம் உண்டாக்கும், எண்ணிக்கை சட்டுனு ஏறி அக்கவுன்ட லாக் பண்ணிடுவாங்க. அப்புறம் அந்த 99 மூணு வருஷம் மொத்தமா கட்டுனாத்தான், மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ரினியூவல் விலை வேற. வாங்குறதா இருந்தா ரினியூவல் விலையப் பாத்து வாங்குங்க, முதல் வருஷ விலையப் பாத்து இல்ல.

கேள்வி: ஐயா, ஈரோட்டுல துணிக்கடை வச்சிருக்கேன். ஸ்டாக், பில் பாக்க ஈஆர்பிநெக்ஸ்ட் போட்டுத் தர்றேன்னு ஒருத்தர் 35,000 வாங்கினாரு, அதுல 18,000 லைசென்ஸ் காசுன்னு சொன்னாரு. ஆறு மாசம் நல்லா ஓடுச்சு. இப்ப போன் எடுக்க மாட்டேங்கறாரு. டொமைன் (சைட்டோட முகவரி), சர்வர் எல்லாம் அவர் பேர்ல. என்ன பண்றது?

பதில்: மொதல்ல இத படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு வேலை பண்ணுங்க. உங்க லாகின் சிஸ்டம் மேனேஜர் உரிமையோட இருந்தா, உள்ள தேடற கட்டத்துல டவுன்லோட் பேக்கப்ஸ்னு அடிங்க, ஒரு பக்கம் வரும், அதுல இருக்குற பேக்கப்ப எறக்கி பென்டிரைவ்ல ஒன்னு, மெயில்ல ஒன்னு வச்சுக்கங்க. சர்வர் வாடகைய அவர் கட்டாம விட்டாருன்னா உங்க ஸ்டாக், பாக்கிக் கணக்கு எல்லாம் ஒரே ராத்திரில காணாமப் போகும், சண்டையெல்லாம் அப்புறம். உரிமை இல்லன்னா குறைஞ்சபட்சம் ஒவ்வொரு லிஸ்டையும் எக்செல்லா எறக்கிடுங்க.

அடுத்து அந்த 18,000. ஈஆர்பிநெக்ஸ்ட் மும்பைல இருக்குற ஃப்ராப்பே கம்பெனியோடது, யாரும் எடுத்து யூஸ் பண்ணலாம்ங்கற ஜிபிஎல் லைசென்ஸ்ல வெளியிட்டது, சொந்த சர்வர்ல போட்டுக்க லைசென்ஸ் காசுன்னு ஒன்னு கெடையவே கெடையாது. போட்டுத் தர்றதுக்கும் கத்துத் தர்றதுக்கும் காசு வாங்கறது நியாயம், 35,000மும் உழைப்புக்குன்னு சொல்லி வாங்கியிருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். இல்லாத லைசென்ஸுக்குன்னு சொன்னதுதான் தப்பு. அத வாட்சப்ல சொன்னாரா, பில்லுல எழுதினாரான்னு தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

ஸ்பீட் போஸ்ட்ல ஒரு கடிதம் அனுப்புங்க, டொமைன என் பேருக்கு மாத்து, சர்வரோட முழு உரிமை தர்ற ரூட் பாஸ்வேர்டு, செட்டிங் இருக்குற சைட் கான்ஃபிக் ஃபைல் குடு, இத்தன நாள் டைம்னு. அந்தக் கான்ஃபிக் ஃபைல மறக்காமக் கேளுங்க, அதுலதான் ரகசியமா பூட்டி வச்சதத் திறக்குற என்கிரிப்ஷன் கீ இருக்கு, அது இல்லாம வேற சர்வர்ல ஏத்துனா உள்ள சேமிச்ச மெயில் பாஸ்வேர்டு மாதிரி ஐட்டமெல்லாம் திறக்காது. பதில் இல்லன்னா 1915க்குப் போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போயிடணும். ஒரு சிக்கல் இருக்கு, இது வியாபாரத்துக்கு வாங்குனது, நுகர்வோரே இல்லன்னு எதிர்த் தரப்பு சொல்லும். சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழில் பண்றவங்களுக்கு 2019 சட்டத்துல விலக்கு இருக்கு, ஆனா அந்த விளக்கம் பொருளைத்தான் சொல்லுது, உங்க மாதிரி சேவைக்கு எப்படிப் பொருந்தும்னு வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க.

அடுத்த தடவை டொமைன் உங்க மெயில்ல, உங்க கார்டுல வாங்குங்க. ஆயிரம் ரூபா சமாச்சாரம்தான், ஆனா கடைப் பட்டா மாதிரி அது.

கேள்வி: சர்வருக்கு ராஸ்பெர்ரி பைங்கற கையகல கம்ப்யூட்டர் போதுமா?

பதில்: நெக்ஸ்ட்கிளவுடுக்கு, ரெண்டு பேருக்கு, போதும். எஸ்டி கார்டுல ஓட்டாதீங்க, எழுதி எழுதி செத்துரும். எஸ்எஸ்டி, அடாப்டர், கேஸ்னு சேத்துப் பாத்தா மேல சொன்ன பழைய மினி பிசி விலைக்குப் பக்கத்துல வந்து நிக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வீட்ல சர்வர் வச்சிருக்காருங்க. குழந்தை போட்டோ எல்லாம் அதுலதான். அவர் வேலையா வெளிநாடு போயிருந்தப்ப அது நின்னு போய் ரெண்டு வாரம் எனக்கு ஒரு போட்டோ பாக்க முடியல. எனக்கு இதுல ஒன்னும் தெரியாது. அவர்கிட்ட நான் என்ன கேக்கணும்? (பெயர் வேண்டாம்)

பதில்: ரொம்ப நல்ல கேள்விம்மா, இத எந்தக் கடைக்காரனும் கேக்க மாட்டான். அவர்கிட்ட மூணே விஷயம் கேளுங்க. எந்தப் பெட்டி, எந்த சுவிட்ச், எந்தப் பாஸ்வேர்டுன்னு ஒரு தாள்ல தமிழ்ல எழுதி பீரோல வைக்கச் சொல்லுங்க. அப்புறம் இம்மிச் அட்மின் செட்டிங்ல ஸ்டோரேஜ் டெம்ப்ளேட்னு ஒன்னு இருக்கு, தானா ஆன் ஆகாது, அத ஆன் பண்ணச் சொல்லுங்க, ஆன் பண்ணலன்னா டிஸ்க்ல போட்டோவெல்லாம் வாய்ல நுழையாத நீள எழுத்துப் பேர்ல கெடக்கும், ஆன் பண்ணா வருஷம் வாரியா ஃபோல்டர்ல உக்காரும், பழைய போட்டோவுக்கும் இப்படி மாத்துற ஜாப ஒரு தடவை ஓட்டணும். மூணாவது, போட்டோ எல்லாத்தோட ஒரு காப்பி விண்டோஸ் படிக்கிற எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ண சாதா ஹார்டுடிஸ்க்ல வேணும், ஏன்னா அவர் சர்வர் டிஸ்க்க உங்க லேப்டாப்ல சொருகுனா விண்டோஸ் அத ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்கும். அப்படிக் கேட்டா ஓகே மட்டும் அழுத்திடாதீங்க.