தைராய்டு இருந்தால் தடுப்பூசி போடலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 44 வயது. ஹாஷிமோட்டோ தைராய்டு என்று சொல்லி, தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்சின் சாப்பிடுகிறேன். ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார்கள். ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி தாறுமாறாக இருக்கிற உடம்பில் ஊசி போட்டால் தைராய்டு இன்னும் கெடாதா? போன மாதம் டிஎஸ்ஹெச் 9 இருந்தது. அது சரியாகும்வரை பொறுக்கட்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பொறுக்க வேண்டாம். ஹாஷிமோட்டோவில் எதிர்ப்பு சக்தி குறைந்துபோவதில்லை. தைராய்டு சுரப்பியைத் தவறாகத் தாக்குகிறது, அவ்வளவுதான். கிருமியை எதிர்க்கும் திறன் மற்றவர்களுக்கு இருப்பது போலவே உங்களுக்கும் இருக்கும். தைராக்சினும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தல்ல. சுரப்பி தர வேண்டிய ஹார்மோனைத்தான் மாத்திரையாகச் சாப்பிடுகிறீர்கள். ஆகவே ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் ஆகிய எந்த ஊசிக்கும் உங்கள் தைராய்டு தடையில்லை.

டிஎஸ்ஹெச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; அது கூடினால் தைராக்சின் போதவில்லை என்று பொருள். ஆகவே டிஎஸ்ஹெச் 9 என்பதற்காக மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அது தனி வேலை. அளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி ரத்தப் பரிசோதனை. அதுவரை ஊசிக்காகக் காத்திருந்தால் ஃப்ளூ காலமே கடந்துவிடும். ஊசி போட்ட அன்று மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடாதீர்கள்.

தடுப்பூசிக்குப் பிறகு தைராய்டில் வீக்கம் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு, கோவிட் ஊசிக்குப் பிறகு குறிப்பாக. அபூர்வம்தான். கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலி, அது தாடைக்கும் காதுக்கும் பரவுவது, படபடப்பு ஆகியவை ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் வலி மாத்திரையிலேயே அடங்கி, சில மாதங்களில் சரியாகிவிடும்.

கேள்வி: எனக்குக் கிரேவ்ஸ் நோய். இரண்டு மாதமாகக் கார்பிமசோல் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்கிறார்களே, வந்தால் என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கிரேவ்ஸ் நோயில் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும்; அதைக் குறைக்கும் மாத்திரைதான் கார்பிமசோல். அதைச் சாப்பிடும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஊசி போடலாம், தடையில்லை. ஆனால் ஊசிக்குப் பின் வரும் எல்லாக் காய்ச்சலையும் ஊசியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

கார்பிமசோல் சிலருக்கு, ஆயிரத்தில் ஓரிருவரிலிருந்து ஐந்து பேர்வரை, ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் முக்கியமான நியூட்ரோஃபில்களைத் திடீரென்று வீழ்த்திவிடும். முதல் மூன்று மாதத்தில்தான் இது அதிகம். நீங்கள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். தடுப்பூசிக் காய்ச்சல் பொதுவாக ஒரு நாளுக்குள் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் தணியும். கை வலி, உடம்பு வலி இருக்கும். கடுமையான தொண்டை வலி, வாய்ப்புண், குளிர் நடுக்கத்தோடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால் ஊசிதான் காரணம் என்று படுத்திருக்காதீர்கள். கார்பிமசோலை நிறுத்திவிட்டு, அன்றைக்கே வெள்ளை அணுக்களின் வகைவாரிக் கணக்கோடு முழு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரவானால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500க்குக் கீழே போயிருந்தால் மருத்துவமனையில் சேர வேண்டும். அதன்பின் கார்பிமசோலைத் திரும்பத் தொடவே கூடாது. எண்ணிக்கை சரியாக இருந்தால் டாக்டர் சொன்னபின் மாத்திரையைத் தொடரலாம்.

சாதாரணக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் தைராய்டு ஹார்மோனைப் பிரித்துவிட்டுப் படபடப்பைக் கூட்டும். தாறுமாறான இதயத்துடிப்புக்காக ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுகிறவரானால் நர்ஸிடம் முன்பே சொல்லுங்கள். மெல்லிய ஊசியால் போட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: தைராய்டால் கண் வெளியே தள்ளியதற்காக வாரம் ஒருமுறை ஸ்டீராய்டு டிரிப் ஏற்றிக்கொள்கிறேன். நேற்று தெருநாய் பிறாண்டிவிட்டது. ரத்தம் வரவில்லை. ஊசி போடலாமா?
– வாசகி, வேலூர்

பதில்: இன்றே போடுங்கள். ரேபிஸ் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. எந்த நோயும், எந்த மருந்தும் அதற்குத் தடையாகாது. காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், நேற்றே கழுவியிருந்தாலும்.

ஸ்டீராய்டு ஏறுவதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரத்தம் வராத கீறலுக்குப் பொதுவாகத் தடுப்பூசி மட்டும் போதும். எதிர்ப்பு சக்தி அடக்கப்பட்டிருப்பவர்களுக்கு ஊசியால் வரும் பாதுகாப்பு குறைவாக இருக்கலாம்; அதனால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸ் கிருமியை எதிர்க்கத் தயாராக உள்ள எதிர்ப்புப் புரதம்) போட வேண்டும். தடுப்பூசியையும் தோலுக்குள் போடாமல் தசையில், முதல் நாள், பிறகு 3, 7, 14, 28ஆம் நாட்கள் என்று முழுமையாகப் போட வேண்டும்.

நீங்கள் தவிர்க்க வேண்டியவை உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகள்: எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி), சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல். தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரட்னிசோலோனை இரண்டு வாரம் சாப்பிட்டவர்களுக்கும் இதே விதிதான். மருந்தை நிறுத்தி குறைந்தது ஒரு மாதம் போக வேண்டும்.

கேள்வி: பிறவியிலேயே தைராய்டு குறைவு உள்ள என் பேத்திக்கு மூன்று மாதம். ஊசிகளைத் தள்ளிப்போடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம்மா. அட்டவணைப்படி 6, 10, 14ஆம் வாரத்து ஊசிகளும் 9ஆம் மாதத்துத் தட்டம்மை ஊசியும் அப்படியே. ஊசி நாளிலும் தைராக்சின் மாத்திரையை நுணுக்கி, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கொடுங்கள். பாட்டில் பாலில் கலந்தால் குழந்தை மிச்சம் வைக்கும்போது மருந்தும் மிச்சமாகிவிடும்.

கேள்வி: தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. அடுத்த வாரம் கழுத்து ஸ்கேன், அதே வாரம் கோவிட் ஊசி. எது முதலில்?
– வாசகர், மதுரை

பதில்: ஸ்கேன் முதலில். ஊசி போட்ட கைப்பக்கம் அக்குளிலும் காறை எலும்புக்கு மேலேயும் நெறி கட்டுவதுண்டு. ஸ்கேனில் அது தெரிந்தால், நோய் திரும்பிவிட்டதோ என்ற வீண் பயமும், ஊசி குத்திச் சதை எடுக்கும் பரிசோதனையும் வந்து சேரும். ஒருவேளை ஊசி போட்டுவிட்டால், எந்தக் கையில், எந்தத் தேதியில் என்பதை ஸ்கேன் செய்பவரிடம் சொல்லுங்கள். அவசரமில்லாத ஸ்கேனை ஆறு வாரம் தள்ளலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.