முகாமில் பிபி கூடுதலாக வருகிறதா?

பிபி (ரத்த அழுத்தம்) பார்க்கும்போது ஒலியைக் கேட்கும் உங்கள் காதில் கோளாறோ என்று கேட்டிருந்தீர்கள். காதில் கோளாறு இல்லை. ஏற்காடு முகாமில் நீங்கள் பார்த்த பிபி மட்டும் சிஸ்டர் பார்த்ததைவிட 20 கூடுதலாக வந்ததற்கு, ஆள் உட்கார்ந்த உடனே கஃப் (கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டை) சுற்றியதுதான் காரணமாக இருக்கும். காப்பித் தோட்டத்து மேடேறி மூச்சிரைக்க வருகிறவர்கள். 5 நிமிடம் பேச்சுக் கொடுக்காமல் உட்கார வையுங்கள்.

அப்புறம் கை. தொங்கவிட்டால் அளவு ஏறும். மேசைமேல், இதய மட்டத்தில் இருக்கட்டும். சேலத்தில் படித்தபோது முதல் வருடம் முழுக்க நான் இதற்குத்தான் திட்டு வாங்கினேன்.

அதே ஆளுக்கு மறுபடி பாருங்கள்: மணிக்கட்டு நாடி மறையும் அளவுக்கு மேல் 30 ஏற்றி, நொடிக்கு 2 வீதம் இறக்குங்கள்.

பருத்த கைக்குச் சின்ன கஃப் போட்டாலும் கூடும். ஆனால் இதையெல்லாம் சரிசெய்த பிறகும் மேல் அளவு 180ஐத் தாண்டினால் நம் தவறுதான் என்று விட்டுவிடாமல் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.